வில்லனும் ஜென்ரில்மனும்: ஆங்கிலத் தரச் சொற்களின் பொருள் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

ஆங்கிலப் பேரகராதிகளிலே ஒரு சொல்லின் கீழ்த் தரப்படும் பொருள்களிற் சில 'வழக்கிறந்தது' என்னும் குறிப்போடு காணப்படும். அகராதியைப் புரட்டுவோர் இக்குறிப்பைக் கண்டதும் பெரும்பாலும் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவர். தேடிய பொருள் கிடைத்தபின் செத்த பொருளைப் பற்றி எவர் சிந்திப்பார்? ஆயினும் சமூக வரலாற்றில் ஈடுபாடுடையோருக்கு அகராதியின் மிகப் பயனுள்ள பகுதி இதுவேயாகும். ஒரு பொருள் எக்காலத்தில் வழக்கிழந்தது, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருள் எவரது வாயிலிருந்து வந்தது என்னும் வினாக்களை எழுப்பியவுடன், மொழியியலாளரின் தனியுடைமை எனக் கருதப்பட்டுவந்த விடயம் வரலாற்று மாணவனுக்கும் உரியதாகிவிடுகின்றது.

இக்கட்டுரையிலே ஆங்கிலச் சொற்களில் ஒரு சிறு தொகுதி மாத்திரம் ஆராயப்படுகின்றது. சமூகத் தரத்தைச் சுட்டும் பெயர்களாகத் தோன்றிப் பின்னர் மனிதரின் குணத்தைச் சுட்டும் சொற்களாக மாறியவையே அவை. சோசரையும் ஷேக்ஸ்பியரையும் பாடமாகப் பயிலும் எமது மாணவர் அதிகம் இடறுவதும் இச்சொற்களிலேதான். புரியாத சொல்லுக்கு அகராதி உண்டு. புரிந்ததாகத் தோன்றும் சொல்லுக்கு எவரும் அகராதி பார்ப்பதில்லை. இன்று வழங்கும் பொருளை அன்றைய நூலின் மீது ஏற்றிப் படிக்கும்போது, அந்நூலினுள்ளே நடைபெறும் சமூக மோதல் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகின்றது.

சொற்பொருள் மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது பாடநூல்கள் 'நாற்றம்' என்ற ஒரே உதாரணத்தை முன்வைத்து, நறுமணத்தைக் குறித்த சொல் துர்மணத்தைக் குறிக்கலாயிற்று என்று கூறி, 'இழிபொருட்பேறு' என்று பெயருமிட்டு மேற்செல்லும். பெயரிடுதல் விளக்கமாகாது. ஒரு சொல் இழிந்தது என்று கூறுவோர் அதை இழித்தவர் எவர் என்று கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் இக்கேள்வி வேறொரு வகையிற் கேட்கப்பட்டதுண்டு. பிற்காலத்தில் டப்ளின் நகரின் பேராயராக விளங்கிய றிச்சட் செனவிக்ஸ் ட்ரெஞ்ச் 1851இல் சொற்களின் ஆய்வு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1857இல் இலண்டன் மொழிநூற் சங்கத்தின் முன் அவர் ஆற்றிய உரைகளே பின்னர் ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதி உருவாவதற்குத் தூண்டுகோலாயின. அவ்வகராதியின் முதற் பகுதி 1884இலும் இறுதிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. ட்ரெஞ்ச் பெரும் புலமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால், நல்ல பொருளுடைய சொற்கள் தீய பொருளுக்கு இறங்கிச் செல்வதை அவர் மனிதகுலத்தின் பாவநிலைக்குச் சான்றாகக் கொண்டார். ஆதாமின் வீழ்ச்சி சொற்களிலும் பதிந்திருக்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம். நூறாண்டுகள் கழித்து, 1960இல், சி. எஸ். லூயிஸ் சொற்களைப் பற்றித் தாம் எழுதிய நூலிலே இவ்விடயத்தை மேலும் நுட்பமாக நோக்கினார். உயர்தரத்தைச் சுட்டிய சொற்கள் புகழ்ச்சொற்களாகவும், தாழ்ந்த தரத்தைச் சுட்டியவை இகழ்ச்சொற்களாகவும் மாறும் போக்கினை அவர் தெளிவாக எடுத்துக்காட்டினார். லூயிஸ் கண்ட உண்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர் அதனைச் சொற்களின் இயல்பான ஒரு போக்காகவே விட்டுவிடுகின்றார். சொற்களுக்குத் தாமாகப் போகும் கால்கள் இல்லை.

2

'வில்லன்' என்ற சொல் தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. நாடக மேடையும் திரைப்படமும் அதனை எமது பேச்சுவழக்கின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டன. கதாநாயகிக்குத் தீங்கு நினைப்பவன் வில்லன் என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். இச்சொல்லின் மூலம் இலத்தீனிலே பண்ணையையும் பண்ணை வீட்டையும் குறித்த 'வில்லா' என்பதாகும். பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. நோர்மன் மன்னனான முதலாம் வில்லியத்தின் ஆணைப்படி 1086இல் இங்கிலாந்தின் நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்துத் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டிலே, பதியப்பட்ட குடித்தலைவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கினர் இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். அப்பதிவேட்டைப் பொறுத்தவரை அப்பெயரில் இழிவு எதுவும் இல்லை. கிராமத்தில் நிலம் வைத்து உழுதவன் என்பதே அதன் பொருள்.

அடுத்த நூறாண்டுகளில் நிகழ்ந்த மாற்றமே கவனத்துக்குரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், மன்னனின் நீதிமன்றங்கள் எவர் தம்மிடம் வழக்குத் தொடுக்கலாம், எவர் தொடுக்க முடியாது என்று வரையறுக்க முற்பட்டன. இவ்வரையறையின் விளைவாகக் கிராமத்து உழவரின் பெரும் பகுதியினர் 'சுதந்திரமற்றோர்' ஆயினர். நில உடைமையாளனுக்கு எதிராக மன்னனின் மன்றத்தில் முறையிட அவருக்கு உரிமையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் அவனது நிலத்திற் கூலியின்றி உழைக்கவேண்டும். மகளுக்கு மணம் முடிப்பதற்கு அவனுக்குப் பணம் செலுத்தவேண்டும். உழவன் இறந்தால் அவனிடமிருந்த மாடுகளிற் சிறந்தது பிரபுவைச் சேரும். அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியேறவும் முடியாது. 1300ஆம் ஆண்டளவிலே, இழிந்த மனமும் இழிந்த நடத்தையும் உடையவன் என்ற பொருளில் இச்சொல் ஆங்கிலத்தில் ஆளப்படுவதைக் காண்கின்றோம். அதாவது, சட்டத்தினால் இழிவு வந்தது முதலில். குணத்தினால் இழிவு கற்பிக்கப்பட்டது பின்னர். இந்த வரிசை தற்செயலானதன்று. ஒருவனை அடிமைப்படுத்தியபின் அவன் அடிமையாயிருக்கத் தக்கவனே என்று நிறுவுவதற்கு அவனது குணம் தேவைப்படுகின்றது.

காலப்போக்கில் எழுத்துமுறையே இரண்டாகப் பிரிந்தது. சட்டநூலில் வரும் பண்ணையடிமைக்கு ஓர் எழுத்துக்கூட்டு, நாடகத்தில் வரும் கயவனுக்கு மற்றோர் எழுத்துக்கூட்டு என்று இன்று இரு சொற்கள் போல அவை நிற்கின்றன. இப்பிரிவினால் ஏற்பட்ட பயன், இரண்டாவதைப் படிப்போருக்கு முதலாவது நினைவுக்கு வராமற் போனமையே. வேடிக்கை என்னவெனில், மூலச் சொல்லான 'வில்லா' இன்று வசதி படைத்தோர் தம் மாளிகைகளுக்குச் சூட்டும் பெயராகிவிட்டது. வீட்டின் பெயர் கௌரவமாயிற்று. அவ்வீட்டுக்கு உழைத்தவனின் பெயர் வசையாயிற்று.

நோர்மன் வருகைக்கு முற்பட்ட பழைய ஆங்கிலச் சொற்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. 'சேர்ல்' எனப்பட்டவன் பழைய ஆங்கிலச் சமூகத்திற் சாதாரணச் சுதந்திரக் குடியானவன். அவனைக் கொன்றால் செலுத்தவேண்டிய உயிர்விலை வெசெக்ஸ் சட்டங்களிலே 200 சிலிங். உயர்குடியினனான 'தேன்' என்பவனுக்கு 1200 சிலிங். ஆறு குடியானவர் ஒரு பிரபுவுக்குச் சமம் என்பது அக்காலத்து எண்கணிதம். எனினும் சேர்லுக்கு விலை இருந்தது, உரிமை இருந்தது. பின்னாளில் அச்சொல் முரடன், பண்பற்றவன் என்ற பொருளளவிற் சுருங்கிற்று. இதே வேரிலிருந்து பிறந்த 'கார்ல்' என்னும் பெயர், சார்ளமேன் பேரரசனின் பெயராக இருந்தமையால், சிலாவிய மொழிகள் பலவற்றில் 'அரசன்' என்ற சொல்லாகவே நிலைபெற்றது. ஒரே வேர், ஓரிடத்தில் மண்கொத்தி, மற்றோரிடத்தில் மகுடாதிபதி. வேரிலே இகழ்ச்சியோ புகழ்ச்சியோ கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனிலும் துலக்கமான இணை ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா', 'க்னிஃக்ற்' என இரு சொற்கள் இருந்தன. இரண்டும் சிறுவனைக் குறித்தவை. இரண்டும் பின்னர் ஏவலாளைக் குறித்தன. முன்னையது 'நேவ்' ஆகி ஏவலாளிலிருந்து அயோக்கியனாக இறங்கிற்று. பின்னையது 'நைற்' ஆகிக் குதிரை வீரனாகவும் பின் பட்டம் பெற்ற சீமானாகவும் ஏறிற்று. ஜேர்மன் மொழியில் இவற்றின் உறவுச் சொற்கள் இன்றும் முறையே சிறுவனையும் ஏவலாளையும் குறித்து அமைதியாக வாழ்கின்றன. ஆங்கிலத்தில் மாத்திரம் ஏன் இவ்விரு ஏவலாளரும் பிரிந்து சென்றனர்? ஒருவன் அடுக்களையிலும் தொழுவத்திலும் ஏவல் செய்தான். மற்றவன் வாளும் குதிரையும் கொண்டு ஏவல் செய்து, அச்சேவைக்கு ஈடாக நிலம் பெற்றான். நிலமே வேறுபாடு. இது எமது ஊகமன்று. 1278இல் முதலாம் எட்வேர்ட் மன்னன், ஆண்டுக்கு 20 பவுண் வருமானந்தரும் நிலமுடையோர் நைற் பட்டம் ஏற்றேயாகவேண்டும் என்று ஆணையிட்டான். வீரத்தை எவரும் அளக்கவில்லை; வருமானத்தை அளந்தனர்.

'லோட்' என்னும் சொல்லையும் இங்கு நோக்குதல் தகும். இன்று பிரபுவையும், வேதாகமத்திலே ஆண்டவரையும் குறிக்கும் இச்சொல்லின் ஆதி வடிவம் 'ஹ்லாஃப்வெர்ட்', அதாவது அப்பத்தின் காவலன். அவன் மனைவியைக் குறித்த 'லேடி' என்பது அப்ப மாவைப் பிசைபவள் என்ற பொருளுடையது. இவ்விரண்டையும் எடுத்துக் கூறி வியப்போர் பலர். மூன்றாவதொரு சொல்லும் இருந்ததென்பது அத்துணை பிரசித்தமன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த, கென்ற் நாட்டு மன்னன் எதெல்பெர்ட்டின் சட்டங்களிலே, ஒருவனை அண்டி வாழும் ஏவலாளன் 'ஹ்லாஃபேத்தா', அப்பம் தின்பவன், என்று குறிக்கப்படுகின்றான். சேர்ல் ஒருவனின் அப்பந்தின்னியைக் கொன்றால் தண்டம் 6 சிலிங். காப்பவன், பிசைபவள், தின்பவன் என மூவரும் ஒரே அப்பத்தைச் சுற்றி நிற்கின்றனர். ஆனால் கோதுமையை விளைவித்தவன் எவன்? உழைத்தவன் 'தின்பவன்' என்றும், கையிருப்பைப் பூட்டி வைத்திருந்தவன் 'காப்பவன்' என்றும் பெயர் பெற்றனர். முதலாளி தொழிலாளிக்குச் சோறு போடுகிறான் என்று இன்றும் சொல்லக் கேட்கின்றோமல்லவா? அவ்வாக்கியத்தின் மிகப் பழைய இலக்கணம் இம்மூன்று சொற்களில் அடங்கியிருக்கின்றது. காவலனின் பெயரும் பிசைபவளின் பெயரும் உயர்வு பெற்று நிலைத்தன. தின்பவனின் பெயர் மொழியிலிருந்தே மறைந்தது.

3

ஆளும் வர்க்கத்தினரின் கருத்துக்களே ஒவ்வொரு காலத்திலும் ஆதிக்கம் பெற்ற கருத்துக்களாயிருக்கும் என்பது மார்க்சும் எங்கெல்சும் 1845-46இல் 'ஜேர்மன் கருத்தியல்' நூலில் வகுத்துரைத்த கோட்பாடு. மேற்காட்டியவை அதற்கு எளிதான உதாரணங்களாகத் தோன்றலாம். எளிதாகத் தோன்றுவதாலேயே இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டியுள்ளது. ஆதிக்கம் எதிர்ப்பின்றி நிலவிற்று என்று கொண்டால் வரலாறே இல்லையாகிவிடும்.

1348-49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் உழைப்போரின் தொகையைப் பெரிதும் குறைத்தது. உழைப்புக்குத் தட்டுப்பாடு ஏற்படவே கூலி உயர்ந்தது. 1351இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் கூலியை நோய்க்கு முந்திய அளவில் நிறுத்த முயன்றது. அதன்மேல் தலைவரியும் வந்தது. 1381 ஜூன் மாதத்தில் கென்ற், எசெக்ஸ் பகுதி உழவரும் கைவினைஞரும் இலண்டனுள் நுழைந்தனர். ஜூன் 14ஆந் திகதி மைல் எண்ட் என்னுமிடத்தில் இரண்டாம் றிச்சட் மன்னனிடம் அவர் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது வில்லன் நிலையை ஒழிக்கவேண்டும் என்பது. நிலவாடகை ஏக்கருக்கு 4 பென்ஸ் என்பது மற்றொன்று. மறுநாள் வற் ரைலர் ஸ்மித்பீல்டில் வெட்டுண்டான். கொடுத்த வாக்குறுதிகள் மீளப்பெறப்பட்டன. அவ்வெழுச்சியின்போது பல இடங்களில் உழவர் செய்த முதல் வேலை பண்ணை மன்றங்களின் ஏடுகளை எரித்தமையாகும். எவன் வில்லன், எவன் வில்லனின் மகன் என்பதெல்லாம் அவ்வேடுகளிலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதோரின் மூடத்தனமான வெறி என்று இதனை வருணித்த வரலாற்றாசிரியர் பலர். எழுதப்பட்ட சொல் ஒன்று தம் முதுகில் என்ன சுமையை ஏற்றுகின்றது என்பதை எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்த அளவுக்கு, எழுத்தறிந்த இவ்வாசிரியர் அறிந்திருந்தனரா என்பது ஐயமே. றொட்னி ஹில்ரன் 1973இல் வெளியிட்ட, இடைக்கால உழவர் இயக்கங்கள் பற்றிய நூல் இக்குறையைப் பெருமளவு நீக்கிற்று.

இலக்கியத்துக்கு வருவோம். 1381இல் ஜெப்ரி சோசர் இலண்டனின் ஓல்ட்கேற் வாயிலின் மேலமைந்த வீட்டிற் குடியிருந்தார். எசெக்ஸ் உழவர் நகருள் நுழைந்தது அவ்வாயிலினூடாகவே. இவ்வெழுச்சி பற்றி அவர் நேரடியாக எழுதியது மிகச் சொற்பம். எனினும் 'கன்ரபெரிக் கதைக'ளில் பாத் நகரத்து மனைவி கூறும் கதையில், ஏழை முதியவள் ஒருத்தி உயர்குடியில் வந்த நைற் ஒருவனுக்கு நீண்ட பாடமொன்று புகட்டுகின்றாள். உயர்குடித்தன்மை பிறப்பினால் வருவதன்று, செயலினால் வருவது. இழிசெயல் புரியும் பிரபுவின் மகனே வில்லன் என்பது அப்பாடத்தின் கருத்து. 'ஜென்ரில்' என்ற சொல் இலத்தீனில் ஒரே குலத்தைச் சேர்ந்தோர் என்ற பொருளில் தொடங்கி, நற்குடிப் பிறந்தோர் என்றாகி, ஈற்றில் மென்மையானவர் என்றாயிற்று. 'ஜெனரஸ்' என்பதும் உயர்குடிப் பிறப்பிலிருந்தே ஈகைக்கு வந்து சேர்ந்தது. குலத்தைச் சுட்டிய சொல்லைக் குணத்தைச் சுட்டுவதாகத் திருப்பி, அக்குணத்தை ஏழைக்கும் உரியதாக்குகின்றாள் அம்முதியவள்.

இது முற்போக்கான குரல் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதன் எல்லையையும் காணவேண்டும். ஏழை நல்லவனானால் பிரபுவின் பெயரால் புகழப்படுகின்றான். பிரபு தீயவனானால் உழவனின் பெயரால் இகழப்படுகின்றான். நன்மைக்கு ஒரு வர்க்கத்தின் பெயரும் தீமைக்கு மறு வர்க்கத்தின் பெயரும் நிலைத்துவிடுகின்றன. தனிமனிதர் இடம் மாறலாம். ஏணி அப்படியே நிற்கின்றது.

ஷேக்ஸ்பியரின் 'அஸ் யூ லைக் இற்' நாடகத்தின் முதற் காட்சியிலே அண்ணன் ஒலிவர் தம்பி ஒர்லாண்டோவை வில்லன் என ஏசுகின்றான். தம்பி தான் வில்லன் அல்லன் என மறுத்து, தன் தந்தையான சேர் றோலண்டின் பெயரைச் சான்றாகக் காட்டுகின்றான். இன்றைய பொருளை மாத்திரம் அறிந்த மாணவனுக்கு இம்மறுமொழி பொருந்தாததாகவே தோன்றும். கயவன் என்று திட்டினால் தந்தையின் பெயரைச் சொல்வானேன்? அண்ணன் குணத்தைச் சொன்னான். தம்பி பிறப்பைப் பிடித்துக்கொண்டான். இரு பொருளும் ஒரே மேடையில் மோதுகின்றன. அந்த அண்ணன் தம்பியைக் கல்வியின்றிப் பண்ணையாள் போல வளர்த்தவன் என்பதை நினைவிற்கொண்டால், அச்சொல்லுக்குள் ஒரு சொத்துத் தகராறே ஒளிந்திருப்பது தெரியவரும். 'தவறுகளின் நகைச்சுவை'யிலோ, எஜமானன் தன் நம்பிக்கைக்குரிய அடிமையையே வில்லன் என்று அன்போடு சுட்டுகின்றான். இவ்விடத்தைக் 'கயவன்' என்று மொழிபெயர்த்தால் கூற்றே தலைகீழாகிவிடும்.

கல்வியும் இவ்வாறே ஓர் எல்லைக்கல்லாக அமைந்தது. 'லூட்' என்னும் சொல் இன்று ஆபாசமானது என்று பொருள்படும். முதலில் அது திருச்சபைக் குருவல்லாத பொதுமகனைக் குறித்தது, பின் கல்லாதவனை, பின் கீழ்மகனை, ஈற்றில் காமுகனை. கல்வி குருமாரின் ஏகபோகமாக இருந்த காலத்தில் ஏடுகளை எழுதியோரும் அவரே. வாசிக்கத் தெரிந்தவன் குருவாகக் கருதப்பட்டுத் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பக்கூடிய சலுகை ஆங்கிலச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்து 1827இலேயே ஒழிக்கப்பட்டது. கல்லாமை ஒழுக்கக்கேடாயிற்று என்பதை இச்சலுகையோடு சேர்த்து நோக்கவேண்டும்.

ஆயினும் எல்லாச் சொல்லையும் இச்சாவியால் திறந்துவிட முடியாது. 'சில்லி' என்பது ஆசீர்வதிக்கப்பட்டவன் என்ற பொருளிலிருந்து அப்பாவி, பரிதாபத்துக்குரியவன் என்ற படிகளினூடாக முட்டாளுக்கு இறங்கிற்று. 'நைஸ்' அறிவீனன் என்பதிலிருந்து இன்று எவருக்கும் எதற்கும் பயன்படும் ஒரு வெறும் பாராட்டாகத் தேய்ந்துள்ளது. இவற்றிற்கு நேரடியான வர்க்க விளக்கம் தேடுவது வீண்வேலை. 'மீன்' என்னும் சொல்லிலும் இச்சபலம் எழக்கூடும். பலருக்கும் பொதுவானது என்பதே அதன் பழைய பொருள். இன்று கீழ்மையானது, உலோபத்தனமானது என்று பொருள். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட சட்டங்களின் மூலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயலும் தனியார் வேலிக்குள் அடைக்கப்பட்ட நாடல்லவா? பொதுவானது இழிவானதாக மாறியது வேலியடைப்பினால்தான் என்று முடிவுகட்ட ஆசை பிறக்கும். ஆனால் தாழ்ந்தது என்ற பொருள் பாராளுமன்ற வேலியடைப்புக்கு நெடுங்காலம் முன்னரே அச்சொல்லில் வந்துவிட்டது. காரணம் காரியத்துக்குப் பின்னே வரமுடியாது. பலருக்கும் உரியது மதிப்புக் குறைந்தது என்னும் எண்ணம் நிலப்பிரபுத்துவத்தின் தரப்படிநிலையிலேயே வேரூன்றியிருந்தது என்று கொள்வதே பொருத்தம். வேலியடைத்தோர் அவ்வெண்ணத்தைப் படைக்கவில்லை. ஆயத்தமாக இருந்ததை எடுத்துக்கொண்டனர்.

4

மொழி வர்க்கத்துக்குரியதா என்னும் கேள்வி மார்க்சியரிடையே பெரும் விவாதத்துக்குள்ளானதொன்று. மொழியை மேற்கட்டுமானம் என்றும் வர்க்கத்தன்மை உடையதென்றும் கொண்ட மாரின் கொள்கையை 1950இல் ஸ்டாலின் மறுத்தார். ஒரு சமூகத்தின் எல்லா வர்க்கத்தினருக்கும் மொழி பொதுவான கருவி என்பது அவர் வாதம். இலக்கண அமைப்பைப் பொறுத்தவரை இது சரியே. பிரபுவும் பண்ணையாளும் ஒரே வாக்கிய அமைப்பிலேதான் பேசினர். ஆனால் 1929இலேயே வொலோஷினோவ் இதனினும் ஆழமானதொன்றைக் கூறியிருந்தார். சொல் பொதுவாயிருப்பதனாலேயே அது வர்க்கங்கள் மோதும் களமாகின்றது. வேறுபட்ட மதிப்பீடுகள் ஒரே சொல்லினுள் குறுக்கிடுகின்றன. ஆளும் தரப்பு அச்சொல்லுக்கு ஒரே நிரந்தரப் பொருளைக் கற்பிக்க விழைகின்றது என்பது அவர் கருத்து. அவரது நூல் 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே பரவலான கவனத்தைப் பெற்றது. ஒர்லாண்டோவின் மறுமொழிக்கு இதனிலும் பொருத்தமான உரை கிடைப்பது அரிது.

மதிப்பீடு பற்றிய இம்மோதல் மறுபெயர்களிலும் நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் ஒருமை முன்னிலையான 'தௌ' உயர்ந்தோர் தாழ்ந்தோரை விளிக்கவும் நெருங்கியோர் தம்முட் பேசவும் வழங்கிற்று. பன்மையான 'யூ' மரியாதைக்குரியது. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் படிகளில் அன்றாடம் ஏறியிறங்கும் எமக்கு இது விளக்காமலே விளங்கும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கிலப் புரட்சியின் கொந்தளிப்பினிடையே தோன்றிய குவேக்கர்கள் நீதிபதியையும் நிலப்பிரபுவையும் 'தௌ' என்றே விளித்தனர். தொப்பியைக் கழற்றவும் மறுத்தனர். அதற்காக அடியும் சிறையும் பெற்றனர். கீழ்நோக்கிச் சமப்படுத்த முயன்ற அவர்கள் தோற்றனர். ஆங்கில மொழி மேல்நோக்கிச் சமப்படுத்திக்கொண்டது. எல்லோரும் 'யூ' ஆயினர். மறுபெயரில் சமத்துவம் கிடைத்தது. நிலத்தில் கிடைக்கவில்லை.

கைத்தொழிற் புரட்சியின் காலத்துச் சொற்களை றேமண்ட் வில்லியம்ஸ் 1958இல் வெளிவந்த 'பண்பாடும் சமுதாயமும்' நூலிலும், 1976இல் வெளியான தமது சொற்களஞ்சியத்திலும் விரிவாக ஆராய்ந்துள்ளமையால் இங்கு மிகச் சுருக்கமாகவே குறிப்பிடுகின்றோம். 'இன்டஸ்ரி' மனிதனிடமுள்ள உழைப்பார்வம் என்ற குணத்தைக் குறித்தது; பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மனிதனுக்கு வெளியேயுள்ள ஆலைத்தொழிலைக் குறிக்கலாயிற்று. தரத்தைச் சுட்டிய பழஞ்சொற்களின் இடத்தை 'கிளாஸ்' படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. பழைய தரச்சொற்கள் பிறப்பைக் குறித்தன. புதிய சொல் சமூகத்தால் ஆக்கப்பட்ட நிலையைக் குறித்தது. ஆக்கப்பட்டதை மாற்றவும் முடியும் என்ற எண்ணத்துக்கு அது வழிவிட்டது. இக்காலத்திலேதான் உழைப்போர் தாமே ஒரு சொல்லுக்குப் பொருளூட்டியதையும் காண்கின்றோம். 1768இல் இலண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி உயர்வு கோரிக் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டனர். பாயிறக்குதலைக் குறித்த 'ஸ்ரைக்' என்னும் மாலுமிச் சொல் வேலைநிறுத்தத்தின் பெயராயிற்று. இதற்கு எந்தக் குருவும் எந்தப் பிரபுவும் பொருள் கற்பிக்கவில்லை.

இவ்வாறான சொற்கள் அகராதிகளில் ஏன் அரிதாகக் காணப்படுகின்றன? ஒக்ஸ்போட் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்துச் சான்று காட்டுவது. அதில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆசிரியர் ஷேக்ஸ்பியர். எழுதாதோருக்கு மேற்கோள் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு உழவன் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொண்டான் என்பதற்குப் பண்ணை ஏடுகளில் விடை தேடமுடியாது. அவை இலத்தீனில் எழுதப்பட்டவை, எழுதியவன் பிரபுவின் கணக்கன்.

5

ஆங்கிலத் தரச்சொற்களின் இவ்வரலாற்றில் தமிழ்ச் சொல் ஒன்றும் இடம்பெற்றுள்ளது என்பதை இறுதியாகக் குறிப்பிடல் வேண்டும். ஆங்கிலத்தில் 'பறையா' என்றால் சமூகத்தினின்று ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். பத்திரிகைகள் இன்றும் இச்சொல்லை அரசுகளைச் சுட்டுவதற்குக்கூடச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகின்றன. பறை என்னும் இசைக்கருவியின் பெயரிலிருந்து ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் பிறந்தது. அப்பெயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூல்களிற் புகுந்தது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பேர்ணாடென் டி சென்-பியேர் எழுதிய, இந்தியக் குடிசை ஒன்றைப் பற்றிய கதை இச்சொல்லை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று. 'வில்லன்' இருநூறு ஆண்டுகளிற் கடந்த தூரத்தை இச்சொல்லும் கடந்தது: தொழிலின் பெயர், தரத்தின் பெயராகி, ஈற்றில் எவரையும் சுட்டக்கூடிய ஒரு நிலையின் பெயராயிற்று. 'கூலி' என்பதன் ஆங்கில வடிவம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரை மூலமாகக் கொள்வோரும் உளர், எமது கூலியை மூலமாகக் கொள்வோரும் உளர். எப்படியாயினும், தமிழில் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் ஒலி, இலங்கைத் தோட்டத் துரைமாரின் ஏடுகளில் உழைக்கும் மனிதனையே குறித்தது. ஊதியத்தை எடுத்துவிட்டு மனிதனை அதன் இடத்தில் வைத்தனர்.

'பறையா'வின் பயணத்தில் மற்றொரு திருப்பமும் உண்டு. பிரெஞ்சுச் சோசலிசப் பெண்மணி புளோரா திரிஸ்தான் 1838இல் வெளியிட்ட தம் பெருநாட்டுப் பயண நூலின் தலைப்பிலேயே தம்மை ஒரு பறையாவாக அறிவித்துக்கொண்டார். மணவிலக்குக்கு இடமளிக்காத சட்டத்தின் கீழ்க் கணவனைப் பிரிந்து வாழ்ந்த பெண்ணுக்குச் சமூகம் கொடுத்த இடத்தை அவ்வாறு பெயரிட்டார். 1843இல், கம்யூனிஸ்ற் அறிக்கைக்கு ஐந்தாண்டுகள் முன்னர், தொழிலாளர் அனைவரும் ஒரே அமைப்பில் ஒன்றிணையவேண்டும் என்று வாதிக்கும் நூலையும் அவரே எழுதினார். வசையாக எறியப்பட்ட சொல்லைத் தானே எடுத்துச் சூடிக்கொள்ளும் இவ்வழக்கம் அதன் பின்னர் பலரிடம் காணப்பட்டது. ஐரோப்பிய மொழிகளிலே அச்சொல் தோன்றிய ஊரும் மக்களும் இன்று அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பில் ஒரு வரியளவாகச் சுருங்கியுள்ளனர். 'வில்லன்' சுட்டிய பண்ணையடிமை முறை இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் நீதிமன்றங்களிற் பேசப்படவில்லை. ஆகவே அதன் பழைய பொருளை அகராதியாசிரியர் வரலாற்றுக்குரியது என்று ஒதுக்கியது நியாயமே. பறையொலியிலிருந்து பிறந்த பெயருக்கு அக்குறிப்பைப் போட அவருக்கு ஆங்கிலத்தில் இடமுண்டு. தமிழ் அகராதியாசிரியருக்கு அவ்வசதி இன்னும் வாய்க்கவில்லை.